கழுவக் கூடாத கல்

எனக்குக் குமட்டல் சீக்கிரம் வரும். பால் திரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். “ஒனக்கு இருக்கிறது மூக்கு இல்ல, பொலிஸ் நாயி” என்பார் என் வீட்டுக்காரர், உயிரோடு இருந்தவரை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வயதான பொம்பளை, எதைப் பார்த்தாலும் முகத்தைச் சுளிக்கிறாள் என்று நினைப்பீர்கள். உங்களுக்கும் என் வயதுதானே. உங்களையும் வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பதுளையில் எங்கள் பக்கத்து வீட்டு கொய்யா மரத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் தொங்குகிறது. உள்ளே தானியம் போட்டு வைத்தால் குருவி வந்து ஓட்டை வழியாகக் கொத்தித் தின்னும். எல்ல என்கிற ஊரில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் பார்த்துவிட்டு வந்து வாங்கி மாட்டினாள் அந்த வீட்டுக்காரி. நல்ல பெண். வடை சுட்டால் முதல் வடை எனக்குத்தான் வரும்.

அடைமழை பிடித்து இரண்டு கிழமை, பதினாலு நாள் இருக்கும். வேலியோரம் போனபோது மூக்கு சொன்னது. எட்டிப் பார்த்தேன். குழாய்க்குள் தினை முளைவிட்டு, முளை அழுகி, கறுத்த களியாகப் பிடித்திருந்தது. குருவி நிற்கிற விளிம்பில் எச்சம் காய்ந்து, அதன்மேல் எச்சம் காய்ந்து, சுண்ணாம்பு மாதிரி. கீழே ஒரு சிட்டுக்குருவி சிறகை உப்பிக்கொண்டு பந்து போல உட்கார்ந்திருந்தது. கிட்டப் போனேன், பறக்கவில்லை. இமை இரண்டும் ஒட்டியிருந்தன.

“ஏம்மா, இதக் கழுவுனியா இல்லையா?”

“கழுவுறதா? புண்ணியத்துக்கு வச்சது அக்கா அது. கோயில் உண்டியலக் கழுவுறமா?”

“உண்டியல்ல யாரும் வாய வச்சுத் திங்கிறதில்லையே.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானே போய்க் குழாயைக் கழற்றிக் கொண்டுவந்து கொதிதண்ணீரில் போட்டேன்.

நானும் குருவிக்கு வைக்கிறவள்தான். மழைத் தண்ணீர் நிற்காமல் வடிய அடியில் ஆணியால் ஓட்டை போட்ட ஒரு தகரத் தட்டு. பொழுது சாய்வதற்குள் தின்று தீர்க்கிற அளவுதான் வைப்பேன். உப்புப் போட்ட சோறு, மிஞ்சின கறி, பூஞ்சணம் பூத்த ரொட்டி எதையும் வைக்க மாட்டேன். நமக்கு ஆகாதது குருவிக்கு மட்டும் எப்படி ஆகும்? கிழமைக்கு ஒரு தடவை கொதிதண்ணீர் ஊற்றித் தேய்த்து, வெயிலில் குப்புறக் காயவைத்து, ஈரம் துளி இல்லாமல் போன பிறகே மறுபடி தீனி. குடிக்க வைக்கிற தண்ணீரைத் தினமும் மாற்றுவேன். கண் வீங்கின குருவி ஒன்றைக் கண்டால்கூடத் தட்டையே எடுத்து உள்ளே வைத்துவிடுவேன், இரண்டு கிழமைக்கு. கூட்டம் கலைந்து போனால்தான் சீக்கும் கலையும். கடைசியில் என் கையையும் கழுவுவேன்.

இவ்வளவும் எங்கே படித்தாய் என்று பேத்தி கேட்டாள். படிக்கவில்லை. ஒரு கல்லைப் பார்த்து வந்தது.

லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பேர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் லயம் ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகள். அதன் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால் இடுப்பு உயரத்தில் தட்டையாக ஒரு பாறைக் கல். காக்காய்க்குச் சோறு வைக்கிற கல். சனிக்கிழமை, அமாவாசை, செத்தவர்களுக்குத் திதி, எதுவானாலும் லயத்துப் பன்னிரண்டு குடும்பமும் அதில்தான் இலை போடும். காகம் வந்து வாய் வைத்தால் செத்தவர்கள் சாப்பிட்டாயிற்று என்று கணக்கு.

அந்தக் கல்லுக்கு ஒரு சட்டம் இருந்தது. அதில் விளக்குமாறு படக் கூடாது, தண்ணீர் படக் கூடாது. மழை நனைக்கலாம், மனுஷர் நனைக்கக் கூடாது. சட்டத்தைக் காவல் காத்தவர் என் அத்தை, அப்பாவுக்கு மூத்தவர். யாராவது இலையை ஒதுக்கப் போனால் போதும்.

“சாப்புட்டுக்கிட்டு இருக்கவன் கையிலருந்து இலைய இழுப்பியாடி? அவன் சாப்புட்டு முடிச்சத நீ கண்டியா?”

செத்தவர் எப்போது கை கழுவுவார் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ஒருவர் இலையின்மேல் இன்னொருவர் இலை. சோற்றின்மேல் சோறு. ஐப்பசி மழையில் அது முதலில் புளிக்கும். பிறகு வெள்ளையாகப் பஞ்சு பூக்கும். பஞ்சு பச்சையாகி, பச்சை கறுப்பாகி, ஓரத்தில் ஒரு மாதிரி இளஞ்சிவப்புக் கோழை வழியும். ஓடில்லாத நத்தைகள் ஊரும். அதன்மேல்தான் புதுச் சோறு. சாமி கும்பிடும்போது பொம்பளைகள் எல்லோரும் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள். சின்னப் பிள்ளையில் அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன்.

இப்போது இன்னொரு தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா தொரை பங்களாவில் தோட்டக்காரர். பங்களாப் புல்தரையில் கம்பம் நட்டு அதன் உச்சியில் ஒரு மரத்தட்டு. தொரைசாணி குருவிக்குத் தீனி வைக்கிற தட்டு. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லையென்றால் நானும் அப்பாவுடன் போவேன். மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, தட்டைக் கழற்றி, தேங்காய்ப் பொச்சால் அப்பா தேய்க்க வேண்டும். தொரைசாணி குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் நான்கைந்து சொல்தான். “தோட்டக்காரன்! மூலை! மூலை!” என்று குடை நுனியால் காட்டுவாள். மூலையில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் முதலிலிருந்து தேய்க்க வேண்டும். காய்ந்த பிறகு ஒரு கைப்பிடித் தானியம். அதற்கு மேல் கிடையாது.

சாயங்காலம் லயத்துக்கு வந்து அப்பா இதை நடித்துக் காட்டுவார். அத்தையின் குடையைப் பிடுங்கி, இடுப்பை ஒடித்துக்கொண்டு, “தோட்டக்காரன், மூலை, மூலை!” லயமே சிரிக்கும். “வெள்ளக்காரிக்குப் புள்ள இல்ல, குருவிக்குக் குண்டி கழுவுறா” என்பார் அத்தை. நானும் சிரித்தேன். அப்பா மாதிரி வேடிக்கை காட்ட ஆள் கிடையாது அந்தத் தோட்டத்தில்.

அந்த வருஷம் மழை விடவேயில்லை. கல்லைச் சுற்றிச் சிட்டுக்குருவிகள் உப்பிப்போய் உட்கார்ந்தன. வாயைத் திறந்து திறந்து மூடும். எச்சில் நூலாக வழியும். செத்து விழுந்ததைக் காகம் கொத்தியது. பிறகு ஒரு காகமும் கல்லடியில் செத்துக் கிடந்தது, அடுத்த நாள் இன்னொன்று. காகங்கள் கூட்டமாக வந்து சவுக்கு மரத்தில் உட்கார்ந்து அரை நாள் கத்தின. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. பிள்ளைக் காம்பராக் கூரையில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அந்த அறையின் கூரையில், வரிசையாக உட்கார்ந்திருந்தன. பங்களாப் புல்தரைக்கும் போயின. எங்கள் கல்லுக்கு மட்டும் இல்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து என் சித்தப்பா காமாலையில் செத்துப்போனார்.

அப்பாவின் தம்பி. சித்திக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். கையில் ஐந்து மாதப் பிள்ளை. பதினாறாம் நாள் கருமாதிக்குக் கல்லில் இலை போட்டார்கள். பருப்பு, வடை, நெய், அவருக்குப் பிடித்த நெத்தலிப் பொரியல். கூப்பனுக்கு அளந்து கொடுத்த ரேஷன் அரிசி காலம், லயமே ஒரு நேரம் ரொட்டி தின்று மிச்சம் பிடித்த அரிசி. எல்லோரும் “கா, கா” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டினார்கள். காகம் வரவில்லை. பொழுது சாய்ந்தது.

அத்தை எழுந்து கொண்டையை முடிந்துகொண்டார்.

“தம்பிக்கு மனசு ஆறல. இவ என்னமோ செஞ்சிருக்கா. புருஷன் பட்டினியா நிக்கிறான், பொண்டாட்டிக்குச் சோறு எறங்குமா? அவன் வாய் வச்ச பெறகு இவ வாய் வைக்கட்டும்.”

இந்தத் தீர்ப்பை எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. தினமும் உச்சி வேளையில் சித்தி சமைத்துக் கல்லில் வைக்க வேண்டும். காகம் எடுத்தால் சாப்பாடு. எடுக்காவிட்டால் விளக்கு வைத்த பிறகு ஒரு கோப்பை கஞ்சித் தண்ணீர். பால் குடிக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள், வானத்தைப் பார்த்தபடி. சோறு மழையில் ஊறும். ஈ மொய்க்கும். பகலிலேயே எலி வந்து இழுத்துப் போகும். எலி தின்னலாம், புழு தின்னலாம். அவள் தின்னக் கூடாது.

அம்மா ஒரு தடவை என் பாவாடை மடிப்பில் அரை ரொட்டியை வைத்துக் கொடுத்தனுப்பினார். சித்தி தின்று வாயைத் துடைப்பதற்குள் அத்தை வந்துவிட்டார்.

“வாயத் தெற.”

சித்தி திறந்தாள். அத்தை குனிந்து மோந்து பார்த்தார், மாட்டைச் சந்தையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி. “வெங்காயம் மணக்குது” என்றார். அன்றைக்குக் கஞ்சித் தண்ணீரும் இல்லை. அம்மா அதற்குப் பிறகு எதையும் கொடுத்தனுப்பவில்லை. நான் கேட்டபோது, “எனக்கென்னத்துக்குடி வம்பு” என்று அடுப்பை ஊதினார். பல நாற்றங்களை மறந்துவிட்டேன். அந்த வாய் மோந்த காட்சியை மட்டும் மறக்க முடியவில்லை.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, பிள்ளை முலையைச் சப்பிச் சப்பி விட்டுவிட்டு வீறிட்டு அழுதது. பால் இல்லை. சித்தி மார்பைப் பிழிந்து பார்த்தாள், என் முன்னாலேயே. ஒரு சொட்டு வந்தது. “வத்திப் போச்சும்மா” என்றாள் என்னிடம், ஏதோ பீலிக் குழாயில் தண்ணீர் வற்றிப்போனதைச் சொல்கிற மாதிரி.

மறுநாள் சனிக்கிழமை. பங்களாவில் அப்பா தட்டைத் தேய்த்து மாட்டிய கால் மணி நேரத்தில் குருவி, மைனா, காகம் எல்லாம் வந்து இறங்கின. காகம்!

“அப்பா, இங்க காக்கா வருதே. நம்ம கல்லுக்கு மட்டும் ஏன் வரல?”

அப்பா தேங்காய்ப் பொச்சை உதறினார்.

“நம்ம கல்லையும் இப்புடிக் கழுவுனா வரும்ல?”

“வாய மூடு. இது குருவித் தட்டு. அது ஒன் சித்தப்பன் இலை.”

அவருக்குத் தெரிந்திருந்தது. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அத்தைக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது, விட்டுவிடுவோம். கிழமை தவறாமல் கொதிதண்ணீர் ஊற்றித் தேய்த்த மனுஷருக்குத் தெரியாதா, அழுக்கில் பறவை வாய் வைக்காது, வைத்தால் செத்துப்போகும் என்று? அந்தக் கையோடுதான் லயத்துக்கு வந்து நாற்றக் கல்லுக்கு முன்னால் கும்பிட்டு நின்றார்.

திங்கட்கிழமை காலை எல்லோரும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், கங்காணி பேர் கூப்பிட்டு, மலைக்கு ஏறியாயிற்று. நான் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். பொச்சும் சாம்பலும் எடுத்துக்கொண்டேன். முதல் கேத்தல் ஊற்றியதும் எழும்பிய ஆவியில் எனக்கு வாந்தி வந்துவிட்டது. கல்லிலேயே வாந்தி எடுத்தேன், அதையும் சேர்த்துக் கழுவினேன். கரண்டியால் சுரண்டச் சுரண்டத் தோல் தோலாக உரிந்தது. ஒரு பிடிக்குள் எலிக்குஞ்சு. இன்னொரு பிடிக்குள் மக்கிய குருவி ஒன்று, கால் மட்டும் முழுசாக. அடியில் கல் கிடைத்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அது சாம்பல் நிறம். எல்லோரும் கறுப்பு என்று நினைத்திருந்தோம்.

சித்தி பிள்ளையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள். கடைசிக் கேத்தலை அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள்.

பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து ஆட்களும் பங்களாவிலிருந்து அப்பாவும் இறங்கி வந்தார்கள். அத்தை கல்லைப் பார்த்தார். கொழுந்துக் கூடையை இறக்காமலே என் கன்னத்தில் விட்டார் ஒன்று. காது அடைத்தது.

“யாருடி சொல்லிக் குடுத்தா? எங்கடி கத்துக்கிட்ட இத?”

நான் அப்பாவைப் பார்த்தேன். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா கூரைத் தகரத்தைப் பார்த்தார்.

“எனக்கென்னக்கா தெரியும். சின்னக் கழுத, யாரு பேச்சையோ கேட்டு ஆடுது.”

யார் பேச்சு என்று அத்தைக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்தி பக்கம் திரும்பினார்.

“சின்னப் புள்ளைய ஏவி விட்டு என் தம்பிய வெரட்டி விட்டுட்டியா? இனி அந்தக் கஞ்சித் தண்ணியும் ஒனக்குக் கெடையாது. அவன் திரும்பி வந்து வாய் வைக்கிற வரைக்கும் பச்சத் தண்ணி குடிச்சுக் கெட.”

சித்தி அன்றைக்குச் சமைத்த சோறு இலையில் ஆவி பறக்க இருந்தது. பிள்ளையை என் கையில் கொடுத்தாள். இலையை எடுத்துக்கொண்டு நடந்தாள். கல்லில் வைக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வைத்தாள். பிறகு அவளும் கல்லின்மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

அத்தை அப்போதுதான் கொழுந்துக் கூடையைக் கீழே போட்டார்.

“அடிப் பாவி! அவனுக்கு வச்சதுடி அது!”

“அவரு வேணாங்கிறாருங்க மதினி” என்றாள் சித்தி, வாயில் சோற்றோடு. “பத்து நாளாக் கேட்டுப் பாத்தேன். எனக்கு வேணும்.”

பெரிய பெரிய கவளமாக விழுங்கினாள். விக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்காமல் தின்றாள். பார்க்க அழகாக இல்லை. பசி எப்போதும் அழகாக இருப்பதில்லை. மூக்கில் சளி ஒழுகியது. அப்போதுதான் அம்மா அசைந்தார். உள்ளே போய், எங்கள் வீட்டுச் சோற்றுச் சட்டியையே தூக்கி வந்து, அத்தையைத் தாண்டி நடந்து, இலையில் ஒரு அகப்பை வைத்தார். கொஞ்சம் கீழே கொட்டியது. இன்னொரு அகப்பை வைத்தார். அப்பா இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் புத்தி வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. பொம்பளை ஏறி உட்கார்ந்து தின்ற கல் தீட்டாகிவிட்டது என்று ஆண்கள் கூடிப் பேசினார்கள். கடைசியில் என்ன முடிவு தெரியுமா? வேறு கல் போடுவது. கழுவலாம் என்று ஒரு வாய் திறக்கவில்லை. ஆற்றோரத்திலிருந்து புதுக் கல்லைத் தோளில் சுமந்து வந்தவர் என் அப்பாதான், மூச்சு வாங்க வாங்க. அடுத்த வருஷ மழைக்குள் அதுவும் பச்சை பிடித்துப்போகும் என்று அந்தத் தோட்டத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

கல்லை நாட்டி, மஞ்சள் தெளித்து, சூடம் காட்டியாயிற்று. முதல் சோறு பொண்டாட்டி கையால் வைக்க வேண்டும் என்பது முறை. அத்தை சித்தியைப் பார்க்காமலே கூப்பிட்டார்.

“வந்து வையி.”

சித்தி வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அன்று காலை அவள் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள், யாரிடமும் கேட்காமல்.

“நான் சாப்புட்டுட்டு வந்து வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. சூடம் அணைந்துவிட்டது. அத்தை, அப்பா, லயத்து ஆண்கள், எல்லோரும் புதுக் கல்லைச் சுற்றி நனைந்தபடி நின்றார்கள். உள்ளே தகரத் தட்டில் அவள் விரல் சோற்றை வழிக்கும் சத்தம் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.